ஒரு வருடம், நான்கு பால், இரண்டு ஸ்கேன்

எனக்குப் பால் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாரும் என்னைப் பால் கம்பெனிக்காரி என்று சொல்லக் கூடாது. காபியில் கலந்தால் சரி, தயிராகத் தோய்த்துப் போட்டால் சரி. வெறும் பாலை டம்ளரில் ஊற்றி நீட்டினால், அந்த ஏடு உதட்டில் வந்து ஒட்டுமே என்ற நினைப்பிலேயே குமட்டும். சின்ன வயதில் அம்மா அந்தப் பக்கம் திரும்பியதும் முற்றத்துத் துளசிச் செடியில் ஊற்றிவிட்டு வந்தவள் நான். துளசி நன்றாகத்தான் வளர்ந்தது.

எனக்கு இப்போது 53 வயது. பெரம்பூரில் பதினாறு வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். போன வருடம் ஆடி மாதத்தில் ஒருநாள் காலை, ஷட்டரைத் தூக்கப் போனபோது வாசல்படி ஈரத்தில் கால் வழுக்கியது. மாடியிலிருந்து விழவில்லை, வண்டி மோதவில்லை. நின்ற இடத்திலேயே சரிந்து இடது கையை ஊன்றினேன். மணிக்கட்டு முறிந்துவிட்டது.

மாவுக்கட்டு போட்ட டாக்டர் முறிவைப் பற்றி அதிகம் பேசவில்லை. "நின்ன உயரத்திலேர்ந்து விழுந்ததுக்கு எலும்பு உடையக் கூடாதும்மா. எலும்பையே ஒரு தடவை பார்த்துடலாம்" என்று டெக்ஸா ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார். ஊசி இல்லை, வலி இல்லை, மேஜையில் படுத்தால் கை மாதிரி ஒன்று மேலே நகர்ந்து போகிறது, இடுப்பையும் முதுகெலும்பையும் அளக்கிறது. எனக்கு டி-ஸ்கோர், அதாவது எலும்பு அடர்த்திக்கான மதிப்பெண், மைனஸ் 2.3. மைனஸ் 1 வரைக்கும் கவலை இல்லை, அதற்குக் கீழே போனால் எலும்பு மெலிய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம், மைனஸ் 2.5-ஐத் தொட்டால் ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்புப்புரை நோய். நான் வாசலுக்கு இரண்டு படி முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.

"தினமும் எவ்வளவு பால் குடிப்பீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"ரெண்டு காபி."

சிரித்தார். சிரித்துவிட்டு, வைட்டமின் டி பரிசோதனை, வாரம் ஒரு மாத்திரை என்று எட்டு வாரத்துக்கு 60,000 யூனிட் வைட்டமின் டி, கால்சியம் மாத்திரை, நடை, இதோடு "பாலும் தயிரும் கூட்டுங்க" என்று எழுதினார். பால் என்று எழுதுவது சுலபம். எந்தப் பால்? அதைக் கண்டுபிடிக்கப் போய்த்தான் இந்த ஒரு வருடமும் ஓடியது. இனி எழுதப்போவதெல்லாம் அந்த ஒரு வருடத்தில் என் வீட்டு அடுப்பில் ஏறிய பால்களைப் பற்றிய என் தீர்ப்பு.

அதற்கு முன்னால் ஒரு கணக்கு. என் கடைக்கு பிராஜெக்ட் பிரிண்ட் எடுக்க நிறைய பிள்ளைகள் வருவார்கள். அதில் ஒரு பெண் சத்துணவியல் படிக்கிறாள். நூற்றுச் சொச்சம் பக்கத்தை மூன்று காப்பி எடுக்கும்போது மிஷின் ஓடுகிற நேரத்துக்கு நானும் படிப்பேன், புரியாததை அவளிடமே கேட்பேன். அவள்தான் வீணாய்ப்போன ஒரு ஏ4 தாளின் பின்பக்கத்தில் எனக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தாள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, அதாவது ஐ.சி.எம்.ஆர்., 2010-ல் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 600 மில்லிகிராம் கால்சியம் போதும் என்று சொல்லியிருந்தது. 2020-ல் அதை 1,000 ஆக்கிவிட்டார்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1,200. மாட்டுப்பாலில் 100 மில்லிக்குச் சுமார் 120 மில்லிகிராம் இருக்கிறது. நான் குடித்த இரண்டு காபி, மதியம் ஒரு கரண்டி மோர், என்றைக்காவது கீரை எல்லாம் சேர்த்தால் 400-ஐத் தாண்டவில்லை.

"மிச்சம் எங்கேர்ந்து வரும்?" என்று கேட்டேன். "உங்க எலும்புலேர்ந்துதான் ஆன்ட்டி" என்றாள். உடம்பில் உள்ள கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும்தான் இருக்கிறதாம். மீதி ஒரு சதவீதம் ரத்தத்திலும் தசையிலும். ஆனால் இதயம் துடிக்க, தசை சுருங்க, ரத்தம் உறைய அந்த ஒரு சதவீதம் சரியாக இருந்தாக வேண்டும். குறைந்தால் பாராதைராய்டு ஹார்மோன் எலும்பிலிருந்து எடுத்து ரத்தத்தில் விட்டுவிடும். கல்லாவில் சில்லறை தீர்ந்தால் வீட்டு உண்டியலைக் கவிழ்ப்போமே, அதே கதை. முப்பது வயது வரைக்கும் உண்டியல் நிறையும், மாதவிடாய் நின்றதும் வேகமாகக் காலியாகும். நான் அதில் போட வேண்டிய வயதில் துளசிக்குப் போட்டேன்.

சரி, முதல் பால்.

ஆவின் நீல பாக்கெட். எங்கள் தெருமுனை பூத்தில் காலை ஐந்தே காலுக்கு டப்புகள் இறங்கிவிடும். பாக்கெட்டுகள் ஈரமும் குளிருமாக இருக்கும், கையில் எடுத்தால் தண்ணீர் முழங்கை வரை வழியும். பூத்துக்காரருக்கு மனிதர்களைப் பெயரை விட நிறத்தை வைத்துத்தான் தெரியும். "பச்சை வீட்டுக்கார அம்மா வரலையா?" என்பார். நீலம் என்றால் சமன்படுத்திய பால், 3 சதவீதம் கொழுப்பு. பச்சை நிலைப்படுத்தியது, 4.5. ஆரஞ்சு நிறை கொழுப்பு, 6. ஊதா நிறத்தில் டிலைட் என்று ஒன்று வருகிறது, 3.5 சதவீதம், அதில் வைட்டமின் ஏ-யும் டி-யும் சேர்த்திருக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் எப்போதும் ஆரஞ்சுதான். கெட்டியாக இருந்தால்தான் சத்து என்று என் அத்தை, அதாவது மாமியார், முடிவு செய்து முப்பது வருடம் ஆகிறது. நானும் நம்பினேன். ஆனால் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்தால் வேறு கதை. கொழுப்பு தவிர்த்த திடப்பொருள் என்று ஒரு வரி இருக்கும், எஸ்.என்.எஃப். புரதம், லாக்டோஸ் என்கிற பால் சர்க்கரை, தாது உப்பு எல்லாம் அதற்குள்தான், கால்சியமும் அதற்குள்தான். சமன்படுத்திய பாலில் அது 8.5 சதவீதம், நிறை கொழுப்பில் 9 சதவீதம். கொழுப்பு இரண்டு மடங்கு வித்தியாசம், கால்சியத்தில் சொல்லும்படி வித்தியாசம் கிடையாது. 1.5 சதவீதக் கொழுப்பே உள்ள இருமுறை சமன்படுத்திய பாலுக்குக்கூட எஸ்.என்.எஃப். 9 என்றுதான் விதி. நாக்குக்குத் தெரிகிற கெட்டித்தனம் ஒன்று, எலும்புக்குப் போகிறது வேறொன்று. இந்த ஒரு விஷயம் தெரிய எனக்கு 53 வயதும் ஒரு மணிக்கட்டும் செலவாகியிருக்கிறது.

அப்படியானால் கொழுப்போடு எதுவுமே போவதில்லையா என்றால், போகிறது. வைட்டமின் ஏ-யும் டி-யும் கொழுப்பில் கரைபவை, ஆடையை எடுத்தால் அவையும் குறையும். அதனால்தான் செறிவூட்டுகிறார்கள். பாக்கெட்டில் நீல நிறத்தில் '+எஃப்' முத்திரை இருந்தால் சேர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். விதிப்படி லிட்டருக்கு 5 முதல் 7.5 மைக்ரோகிராம் வைட்டமின் டி. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 15 வேண்டும். அரை லிட்டர் குடித்தாலும் கால்வாசிதான் தேறும், மிச்சத்துக்கு வெயில்தான் கதி. கால்சியத்தைக் குடலிலிருந்து உள்ளே இழுப்பதே வைட்டமின் டி-தான் என்பதால் இதை விட்டுவிட முடியாது. என் கடைக்குள் வெயில் எட்டிப் பார்ப்பதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போடும்போதுதான் நான் சூரியனைப் பார்ப்பேன். இப்போது பதினொரு மணிக்கு எதிர்த்த டீக்கடைக்குக் குடை இல்லாமல் போய் இருபது நிமிஷம் வெளியே நிற்கிறேன். டீ குடிப்பதில்லை. டீ மாஸ்டருக்கு என் மேல் வருத்தம்.

நீலத்தின் குறை என்று சொன்னால், காபி கொஞ்சம் இளைத்துப் போகும். தயிர் கத்தியால் வெட்டுகிற மாதிரி விழாது. 3 சதவீதத்தில் அவ்வளவுதான் எதிர்பார்க்க முடியும். என் மாதிரி வெறும் பால் குடிக்கப் பிடிக்காதவர்களுக்கு அதுவே வசதி: ஏடு மெல்லிசாகப் படியும், டீ வடிகட்டியில் வடித்தால் போய்விடும். குடித்த பிறகு நாக்கில் பிசுபிசுப்பு இருக்காது. அரை லிட்டர் 20 ரூபாய். அந்த 20 ரூபாயில் 600 மில்லிகிராம் கால்சியம் வருகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பாட்டில் கதைக்கு வரும்போது தேவைப்படும்.

இந்தச் சமன்படுத்திய பாலையே ஏதோ கலப்படம் மாதிரிப் பேசுவார்கள். கண்டுபிடித்தவர் டாரா குரோடி, 1946-ல் பம்பாயில். எருமைப்பாலில் கொழுப்பு அதிகம், விலையும் அதிகம். அதில் கொழுப்பு நீக்கிய பால் பவுடரையும் தண்ணீரையும் சேர்த்தால் கொழுப்பு இறங்கும், மற்ற சத்து இறங்காது, அதே பால் நிறைய பேருக்கு எட்டும். 1963-ல் அமுல் புகழ் வர்கீஸ் குரியனோடும் திரிபுவன்தாஸ் படேலோடும் சேர்த்து இவருக்கும் மகசேசே விருது கொடுத்தார்கள். குரியன் பெயர் எல்லோருக்கும் தெரியும், குரோடியை யாருக்கும் தெரியாது. தினம் காலையில் நாம் வெட்டுகிற பாக்கெட்டுக்குள் இருப்பது அவர் யோசனைதான்.

இரண்டாவது, ஆரஞ்சு. இதைப் பற்றி அதிகம் எழுத ஒன்றும் இல்லை. காபிக்கு இதை அடிக்க ஆள் இல்லை. பாயசத்துக்கும் இதுதான். அரை லிட்டர் 30 ரூபாய். பத்து வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டில், அது துள்ளி விளையாடுகிற பிள்ளையாக இருந்தால், தாராளமாக வாங்கலாம். ஸ்டூலில் உட்கார்ந்து ஜெராக்ஸ் எடுக்கிற எனக்குத் தினம் அரை லிட்டர் ஆரஞ்சு என்றால் எலும்பு தேறுவதற்குள் இடுப்பு தேறிவிடும். இரண்டு மாதம் குடித்ததில் மூன்று கிலோ ஏறினேன். நிறுத்திவிட்டேன்.

மூன்றாவது, கண்ணாடி பாட்டில். இது என் மகளின் ஏற்பாடு. ஆப்பில் பணம் போட்டு வைத்தால் விடிகாலையில் கதவில் தொங்கும் பையில் பாட்டில் வந்துவிடும். நாட்டு மாட்டுப் பால், ஏ2, கை படாதது, 'எலும்புக்கு இரட்டிப்பு பலம்' என்று பாட்டில் கழுத்தில் அட்டை. அரை லிட்டர் 60 ரூபாய். பெயர் எழுதவில்லை, பணம் இன்னும் அவர்களிடம் இருக்கிறது.

பாட்டிலைப் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கிறது. மேலே மஞ்சள் கோடு மாதிரி ஆடை நிற்கிறது, குலுக்கினால் கலக்கிறது. ருசியும் குறை சொல்ல முடியாது, லேசான இனிப்பு. முதல் வாரம் நானே அசந்துபோய் அக்கம்பக்கத்தில் எல்லாம் சொன்னேன். இரண்டாவது வாரத்தில் ஒருநாள் அடுப்பில் வைத்ததும் திரிந்தது. சரி, வெயில் காலம். மறுநாளும் திரிந்தது. மூன்றாம் நாள் பாட்டிலே வரவில்லை, ஆனால் பணம் கழிந்துவிட்டது. ஆப்பில் புகார் போட்டால் ஒரு பெட்டி திறந்து 'உங்கள் பிரச்சினை எது?' என்று நான்கு பதில் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. பால் திரிந்தது என்ற பதில் அந்த நான்கில் இல்லை. 'டெலிவரி செய்பவரின் நடத்தை' என்று ஒன்று இருந்தது. பாவம், அந்தப் பையனை நான் பார்த்ததுகூட இல்லை.

அந்த இரட்டிப்பு பலம் விஷயத்துக்கு வருகிறேன். சத்துணவியல் பெண்ணிடம் அட்டையைக் காட்டினேன். பாலில் உள்ள பீட்டா கேசின் என்ற புரதத்தில் 67-வது இடத்தில் இருக்கிற ஒரே ஒரு அமினோ அமிலம்தான் ஏ1-க்கும் ஏ2-க்கும் வித்தியாசம் என்றாள். ஒன்றில் ஹிஸ்டிடின், இன்னொன்றில் புரோலின். அதற்கும் கால்சியத்துக்கும் சம்பந்தம் இல்லை. சிலருக்கு வயிற்றுக்கு ஒத்துப்போகிறது என்கிறார்கள், அது வேறு பேச்சு. 2024 ஆகஸ்டில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. இந்த ஏ1, ஏ2 வாசகங்களை எல்லாம் பாக்கெட்டிலிருந்து எடுக்கச் சொல்லி உத்தரவு போட்டது, சில நாளிலேயே அதை வாபஸ் வாங்கியது. ஆக, அட்டை பாட்டிலின் கழுத்திலேயே தொங்குகிறது. நீலத்தில் 20 ரூபாய்க்கு வருகிற அதே 600 மில்லிகிராம் இதில் 60 ரூபாய்க்கு வருகிறது. இரட்டிப்பு என்று போட்டது தப்பு, மும்மடங்கு என்று போட்டிருக்கலாம், விலைக்குப் பொருத்தமாக இருந்திருக்கும்.

நான்காவது, கறவைப் பால். எங்கள் பேட்டைக்கு இன்னும் ஒருவர் சைக்கிளில் கேன் கட்டிக்கொண்டு வருகிறார். இரண்டு எருமை, ஒரு மாடு. நான் வாங்கியது எருமைப்பால். கள்ளிச்சொட்டு என்பார்களே, அது. டம்ளரை லேசாகச் சாய்த்துக் கறுப்பு கிரானைட் மேடையில் ஒரு சொட்டு விட்டால் உருண்டு போய் வெள்ளையாகக் கோடு விடுகிறது. கோடு விடாமல் ஓடினால் தண்ணீர் என்பது அத்தையின் சோதனை. பால்காரர் இதைப் பார்த்துவிட்டு மறுநாள் தானே பாலின் அடர்த்தியை அளக்கிற லாக்டோமீட்டர் கொண்டுவந்து கேனில் மிதக்க விட்டுக் காட்டினார். மிதவை ஏறி நின்றது. "அம்மா, கோட்டை வெச்சு என்னைப் பிடிக்க முடியாது" என்றார். லாக்டோமீட்டரையும் ஏமாற்ற வழி உண்டு, தண்ணீரோடு சர்க்கரையைச் சேர்த்தால் அடர்த்தி ஏறிவிடும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவர் முகத்தைப் பார்த்துக் கேட்க மனசு வரவில்லை, கேட்கவும் அவசியமில்லை. தயிர் தோய்ந்த அழகே சாட்சி.

ஒன்று மட்டும் கவனம். பாக்கெட் பால் ஏற்கெனவே 72 டிகிரியில் 15 விநாடி பாஸ்சுரைஸ் ஆகி வருவது. கறவைப் பால் அப்படி இல்லை, பொங்கும் வரை காய்ச்சியே ஆக வேண்டும். 'பச்சைப் பாலில்தான் உயிர்ச்சத்து, காய்ச்சினால் கால்சியம் ஆவியாகிவிடும்' என்று ஒரு வாட்ஸ்அப் வீடியோ சுற்றியது. கால்சியம் ஒரு தாது, அது ஆவியாகப் போகவேண்டுமென்றால் என் அலுமினியப் பாத்திரம் அதற்கு முன்னாலேயே உருகியிருக்கும்.

கறவைப் பாலை நான் விட்டதற்குக் காரணம் நேரம்தான். அவர் வருவது ஏழரைக்கு, நான் கிளம்புவது ஏழேகாலுக்கு. தயிருக்காக வாரம் இரண்டு நாள் அத்தை வாங்கி வைக்கிறார்.

சத்து பவுடர்களையும் கேட்பீர்கள். சாக்லேட் வாசனையில் ஒன்று வாங்கினேன், பால் வாடை தெரியாமல் குடிக்கலாமே என்று. டப்பாவின் பின்பக்கம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் முதல் சில பொருள்களுக்குள்ளேயே சர்க்கரை நிற்கிறது. 2024 ஏப்ரலில் மத்திய அரசு, இணையக் கடைகள் இவற்றை 'ஹெல்த் ட்ரிங்க்' என்ற தலைப்பில் விற்கக் கூடாது என்று சொன்னது நினைவிருக்கலாம். கால்சியம் வேண்டுமென்றால் பாலிலேயே இருக்கிறது, சாக்லேட் வேண்டுமென்றால் சாக்லேட் வாங்கிச் சாப்பிடலாம். டப்பா இப்போது ஸ்டேப்ளர் பின் போட்டு வைக்க உதவுகிறது.

இனி பல். இதில் நான் பட்டது என் பேரன் மூலமாக. அவனுக்கு நான்கு வயது. மேல் முன்பற்கள் நான்கும் பழுப்பாகி ஓரம் அரித்துப் போயிருந்தன. "தினமும் பால் குடிக்கிற பிள்ளை, பல் எப்படி இப்படி ஆகும்?" என்று மகள் அழாத குறை. பல் டாக்டர் ஒரே கேள்விதான் கேட்டார்: "ராத்திரி எப்படிக் குடிப்பான்?" படுத்துக்கொண்டே, பாட்டிலில், இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டு, பாட்டில் வாயில் இருக்கும்போதே தூங்கிவிடுவான். டாக்டர் தலையை ஆட்டினார்.

பால் தனியாகப் பல்லுக்கு எதிரி கிடையாது என்று அவர் பொறுமையாகச் சொன்னார். பல்லின் மேல்பூச்சான எனாமல் கரைய ஆரம்பிப்பது வாயின் பி.எச். அளவு 5.5-க்குக் கீழே இறங்கும்போது; அது இறங்க இறங்க அமிலம் கூடுகிறது என்று அர்த்தம். பாலின் அளவு 6.6 பக்கம். பாலில் இருக்கும் லாக்டோஸ், சர்க்கரைகளிலேயே பல்லை மிகக் குறைவாகச் சொத்தையாக்குவது. கேசின் புரதம் எனாமல் மேல் படிந்து கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் அங்கேயே நிறுத்தி வைக்கும். பகலில் குடித்துவிட்டு ஓடினால் எல்லாம் நல்லதே. ஆனால் தூக்கத்தில் எச்சில் சுரப்பது குறைந்துவிடும், சர்க்கரை கலந்த பால் மேல் பல்லைச் சுற்றி விடிய விடியத் தேங்கி நிற்கும், கிருமிகளுக்குக் கல்யாணச் சாப்பாடு. அவனுக்குப் பாட்டில் போய் டம்ளர் வந்தது, சர்க்கரை போனது, கடைசி டம்ளருக்குப் பிறகு பல் விளக்கியாக வேண்டும். முதல் மூன்று ராத்திரி தெருவே கேட்கிற மாதிரி அழுதான். நான்காம் நாள் மறந்துவிட்டான்.

பால்பல் தானே, விழப்போகிறதுதானே என்று நான் கேட்டதற்கு டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டினார். ஈறுக்குள்ளே, அந்தப் பழுப்புப் பற்களுக்கு மேலே, நிரந்தரப் பற்கள் முத்து மாதிரி உருவாகிக்கொண்டிருந்தன. எட்டு வயது வரைக்கும் உள்ளே அந்தக் கட்டுமானம் நடக்குமாம், பாலின் கால்சியம் அப்போதுதான் பல்லுக்குள்ளே போய்ச் சேரும். முளைத்து முடிந்த பல்லை உள்ளிருந்து பாலால் பலமாக்க முடியாது. "அப்ப எனக்கு?" என்றேன். "உங்களுக்குப் பல்லைப் பிடிச்சிருக்கிற தாடை எலும்புக்கு உதவும்" என்றார். என் மூன்று ரூட் கெனாலைப் பார்த்துவிட்டுத்தான் அவ்வளவு நாசூக்காகச் சொன்னார் என்று நினைக்கிறேன்.

அத்தைக்கு வருகிறேன். 78 வயது, முதுகு கூன் விழுந்துவிட்டது. எனக்குச் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவரும் ராத்திரி ஒரு டம்ளர் ஆரம்பித்தார். இரண்டே நாளில் வயிறு உப்பி, கடமுடா. நம் ஊர்க்காரர்களில் நிறைய பேருக்கு வயதாக ஆக லாக்டோஸைச் செரிக்கிற லாக்டேஸ் என்ற நொதி குறைந்துவிடும். தயிரில் கிருமிகளே அந்த லாக்டோஸில் ஒரு பங்கைத் தின்றுவிடுவதால் தொந்தரவு இல்லை, கால்சியம் அப்படியே இருக்கிறது. இப்போது அவருக்குக் காலையும் மதியமும் ஒரு கிண்ணம் தயிர்.

இந்த வயதில் தயிர் சாப்பிட்டு என்ன ஆகப்போகிறது என்று என் கணவர் கேட்டார். அதற்கும் பதில் ஒருநாள் மிஷினிலிருந்து வந்தது. 2021-ல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு. 60 முதியோர் இல்லங்கள், ஏழாயிரத்துக்கு மேற்பட்டவர்கள், சராசரி வயது 86. பாதி இல்லங்களில் பால், தயிர், சீஸ் கூடுதலாகக் கொடுத்தார்கள், மற்றதில் வழக்கமான சாப்பாடு. இரண்டு வருடத்தில் கூடுதலாகக் கொடுத்த இடங்களில் எலும்பு முறிவு 33 சதவீதம் குறைவு, இடுப்பு எலும்பு முறிவு 46 சதவீதம் குறைவு. அவர்கள் அதற்கு முன் சாப்பிட்டுவந்த கால்சியம் சுமார் 600 மில்லிகிராம். குறைவாகச் சாப்பிட்டவர்களுக்குக் கூட்டிக் கொடுத்ததால் பலன் தெரிந்திருக்கிறது.

அதே பிராஜெக்டில் அடுத்த பக்கத்திலேயே எதிர்க்கட்சியும் இருந்தது. 2014-ல் ஸ்வீடனில் வந்த ஆய்வு: ஒரு நாளைக்கு மூன்று கிளாஸோ அதற்கு மேலோ பால் குடித்த பெண்களுக்கு எலும்பு முறிவு குறையவில்லை, கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. அது யார் என்ன குடித்தார்கள் என்று கேட்டு எழுதிப் பின்தொடர்ந்த ஆய்வு, எலும்பு பலவீனம் என்று தெரிந்தவர்களே அதிகம் குடித்திருக்கலாம், அடித்துச் சொல்ல முடியாது என்றாள் அந்தப் பெண். நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் இரண்டு டம்ளரோடு நிறுத்திக்கொண்டேன். பால் பிடிக்காதவளுக்கு இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

மிச்சத்தை வேறு வழியில் தேற்றுகிறேன். 50 கிராம் கேழ்வரகு மாவில் 180 மில்லிகிராம் வருகிறது, காலையில் கஞ்சி. முருங்கைக்கீரை, எள்ளுருண்டை, சனிக்கிழமை முள்ளோடு மெல்லுகிற நெத்திலி. பசலைக்கீரையை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அதில் இருக்கும் ஆக்சலேட் கால்சியத்தைக் கட்டிப் போட்டுவிடும், இருபதில் ஒரு பங்குதான் உடம்பில் சேரும். பாலில் மூன்றில் ஒரு பங்கு சேர்கிறது. பாலுக்கு நான் கொடுக்கிற மரியாதை இதற்காகத்தான்.

போன மாதம் இரண்டாவது ஸ்கேன். மைனஸ் 2.2. நான் துள்ளிக் குதித்தேன், டாக்டர் குதிக்கவில்லை. 0.1 என்பது மிஷினின் ஏற்ற இறக்கத்துக்குள்ளேயே வந்துவிடும் என்றார். "ஆனா இறங்கலை. உங்க வயசுல ஒரு வருஷத்துல இறங்காம இருக்கறதே நல்ல செய்தி" என்றார். அது பாலால் வந்ததா, மாத்திரையால் வந்ததா, பதினொரு மணி வெயிலாலா, சாயங்காலம் நடந்த நடையாலா என்று பிரித்துச் சொல்ல வழி இல்லை.

மதிப்பெண் போடாமல் விட்டால் விமர்சனம் ஆகாது. நீலத்துக்குப் பத்துக்கு எட்டரை. ஒன்றரை குறைத்தது காபிக்காக. ஆரஞ்சுக்கு ஏழு. கறவைப் பாலுக்கு எட்டு, பால்காரர் ஏழு மணிக்கு வந்தால் ஒன்பது. கண்ணாடி பாட்டிலுக்கு மூன்று, அதில் இரண்டு பாட்டிலுக்கு. நான்கு பாட்டில் திருப்பிக் கொடுக்காமல் என்னிடமே இருக்கின்றன, 340 ரூபாய் அவர்களிடம் இருக்கிறது. யார் முதலில் கேட்கிறார்கள் பார்க்கலாம். இப்போதைக்கு ஒன்றில் துவரம்பருப்பு, ஒன்றில் கடுகு, இரண்டில் எள்.